கருந்துளையிலிருந்து காமா கதிர் வருவது எப்படி? – கடிதம்

வணக்கம் ஐயா,

கருந்துளையிலிருந்து ஒளிகூடத் தப்ப முடியாது என்று உங்கள் கட்டுரையில் சொல்கிறீர்கள். இரண்டு பத்தி தள்ளி, கருந்துளைகளிலிருந்தும் நியூட்ரான் நட்சத்திரங்களிலிருந்தும் காமா கதிர்கள் வருகின்றன என்கிறீர்கள். காமா கதிரும் ஒளிதானே? இரண்டும் எப்படிப் பொருந்தும்?

மு.

அன்புள்ள மு. அவர்களுக்கு,

காமா கதிரும் ஒளிதான். கருந்துளையைச் சுற்றி, தாண்டினால் எதுவும் திரும்ப முடியாத ஒரு எல்லை உண்டு; அதற்கு நிகழ்வு எல்லை என்று பெயர். அதைத் தாண்டி உள்ளே போனால் காமா கதிரும் திரும்பாது. நமக்கு வந்து சேருபவை எல்லாம் அந்த எல்லைக்கு வெளியே பிறந்தவை. உள்ளே விழப்போகும் பொருள் தட்டுபோலச் சுழன்று, உராய்ந்து, பல பத்து லட்சம் டிகிரிக்குச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் எக்ஸ் கதிர் கிடைக்கும். காமாவுக்கு அது போதாது. பொருளில் ஒரு பகுதியைக் காந்தப்புலங்கள் துருவங்களின் வழியே ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பீய்ச்சி அடிக்கின்றன. அந்தத் தாரையில் பாயும் எலக்ட்ரான்கள் எதிர்ப்படும் சாதாரண ஒளித்துகள்களை மோதித் தம் ஆற்றலைக் கொடுக்கின்றன. அப்படி ஆற்றல் பெற்ற ஒளித்துகள்தான் காமா கதிராக இங்கே வருகிறது.

பெரிய நட்சத்திரம் வெடித்தபின் மிஞ்சும் மிக அடர்ந்த உட்கருவான நியூட்ரான் நட்சத்திரத்தின் கதை வேறு. அதற்குத் தரை உண்டு, பயங்கரமான காந்தப்புலமும் உண்டு. 1054-இல் சீன வானியலர்கள் குறித்துவைத்த நட்சத்திர வெடிப்பின் மிச்சம் நண்டு நெபுலா என்னும் வாயு முகில். அதன் நடுவே சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு நட்சத்திரம் வினாடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழல்கிறது. சுற்றுக்குச் சுற்று காமா துடிப்பு வருகிறது. செலவாவது சுழற்சியின் ஆற்றல். அதனால் அதன் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவருகிறது.

கருந்துளையின் கதையும் நியூட்ரான் நட்சத்திரத்தின் கதையும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வு அது. 2017 ஆகஸ்ட் 17 அன்று, சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி மோதியதில் எழுந்த ஈர்ப்பலை, அதாவது வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வு, அதைப் பிடிக்கவென்றே அமைந்த லைகோ, விர்கோ கருவிகளில் பதிவானது. அலை முடிந்து 1.7 வினாடியில், காமா கதிர்களை நோக்கும் ஃபெர்மி விண்கலத்தில் ஒரு காமா வெடிப்பு பதிவானது. மொத்தமே இரண்டு வினாடிதான் நீடித்தது. விர்கோவில் சமிக்ஞை மிக மங்கலாகவே இருந்தது. அதுவே திசையைக் குறுக்க உதவியது, ஏனென்றால் அந்தக் கருவிக்குச் சரியாகத் தெரியாத திசைகள் சிலவே. பதினோரு மணி நேரத்துக்குள் சிலியிலுள்ள தொலைநோக்கி என்ஜிசி 4993 விண்மீன் மண்டலத்தில் புதிய ஒளிப்புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டது.

13 கோடி ஆண்டுப் பயணத்துக்குப் பிறகும் இடைவெளி 1.7 வினாடிதான் என்பதால், ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே வேகம் என்பது உறுதியானது. அந்த இடைவெளியே மோதலுக்குப் பின் தாரை உருவாகிச் சிதறிய பொருளைத் துளைத்துக்கொண்டு வெளிவர எடுத்த நேரம் என்று பலர் கருதுகிறார்கள். மோதி மிஞ்சியது உடனே கருந்துளையானதா, சற்றுநேரம் கனத்த நியூட்ரான் நட்சத்திரமாக நின்றதா என்பதில்தான் இன்றும் விவாதம் நடக்கிறது.