இலைக்கருகல் வருமுன்னரே பயிரைத் தயார்படுத்துவது

கேள்வி (கல்லல்): ஐயா, கண்மாய்ப் பாசன நெல்லில் இலை நுனியிலிருந்து ஓரமாக மஞ்சளோடி, வைக்கோல்போல் காய்கிறது. சூடோமோனாஸ் தெளித்தால் எதிர்ப்பாற்றல் வருமா?

பதில்: முதலில் இது பாக்டீரியா இலைக்கருகல்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பச்சையும் காய்ந்ததும் சேரும் இடத்தில் இலையை நறுக்கி, வெட்டுவாய் நீரில் படும்படி கண்ணாடித் தம்ளரில் வையுங்கள். சில நிமிடங்களில் கஞ்சித் தெளிவுபோல் வெண்ணிற இழை இறங்கினால் அதுதான். சூடோமோனாஸ் என்பது பயிருக்கு நன்மை செய்யும் பாக்டீரியா; நோயைத் தீர்க்கும் மருந்தன்று. அது வேரில் குடியேறிச் செடியை விழிப்புநிலையில் வைக்கிறது. அதன் பிறகு நோய்க்கிருமி நுழைந்தால், செடி தற்காப்புப் புரதங்களையும், கிருமியை எதிர்க்கும் பீனால் என்ற வேதிப்பொருள்களையும் தாமதமின்றிச் சுரக்கிறது. அந்த விழிப்பு வரச் சில நாட்களாகும் என்பதால், நோய் பரவிவிட்ட வயலில் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். யூரியாவை உடனே நிறுத்துங்கள். உங்கள் வயல் நீர் அடுத்தவர் வயலுக்குப் போகாதபடி வாய்மடையை அடையுங்கள். 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலை இப்போதும், இரண்டு வாரம் கழித்தும் தெளியுங்கள்.

கேள்வி (தேவகோட்டை): நாங்கள் புழுதியில் நேரடியாக விதைக்கிறோம். எப்போது தொடங்குவது?

பதில்: கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலப்பது வழக்கம். ஆனால் இந்தப் பாக்டீரியா, வறட்சியைத் தாங்கும் உறங்குநிலை வித்துகளை (ஸ்போர்) உண்டாக்காதது; அதனால் வறட்சி தாங்காதது. மழைக்காகப் புழுதியில் வாரக்கணக்கில் கிடக்கும் விதையில் அது பெரும்பாலும் மடிந்துவிடும் என்பதே என் கருத்து. ஆகவே மழை பெய்து, பயிர் முளைத்து, மண் ஈரமாக இருக்கும்போது, ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்துடன் கலந்து தூவுவதைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி (புதுவயல்): தாமிர மருந்துடன் கலக்கலாமா?

பதில்: கூடாது. தாமிரம் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

கேள்வி (கானாடுகாத்தான்): அம்மைக்குத் தடுப்பூசி போடுவதுபோல் ஒருமுறை தூண்டினால் போதுமா?

பதில்: போதாது. தூண்டப்பட்ட எதிர்ப்பாற்றல் நாளடைவில் குறையும். நோயை முற்றிலும் தடுக்காது, தணிக்கும். ஜப்பானில் 1970களிலிருந்து நெல்லுக்குப் பயன்படும் புரோபெனசோல் என்ற மருந்து, கிருமியை நேரடியாகக் கொல்வதைவிடச் செடியின் சாலிசிலிக் அமிலப் பாதையை, அதாவது செடிக்குள் தற்காப்பை எழுப்பும் வேதிச் சமிக்ஞை வழியைத் தூண்டியே வேலை செய்கிறது. அதன் பயனும் அளவுக்குட்பட்டதே. ஆயுள் முழுதும் நிற்பது விதைக்குள்ளேயே இருக்கும் எதிர்ப்பு. ஐதராபாத்தில் உருவாக்கப்பட்டு 2008இல் வெளியான மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியில் இந்நோய்க்கு எதிரான மூன்று மரபணுக்கள் சேர்க்கப்பட்டுள்ளன. கண்மாய் நிறைந்து ஆண்டுதோறும் கருகல் வரும் தாழ்ந்த வயல்களுக்கு, முதலில் அத்தகைய இரகத்தைத் தேடுங்கள். சூடோமோனாஸ் அதற்குத் துணையாக இருக்கட்டும்.