நூலகத்துக்கு ஒரு வீரரின் பெயர்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில். ஊராட்சி கட்டும் நூலகத்துக்கு, 1971 போரில் வீர் சக்ரா விருது பெற்ற எங்கள் ஊர்க்காரரின் பெயரை வைக்க விரும்புகிறோம். உயிரோடு இருப்பவர் பெயர் கூடாது என்கிறார்கள் சிலர். வைத்தால் அது அவர் தெருவின் கட்டடமாகிவிடும் என்கிறார்கள் வேறு சிலர். தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், மன்னார்குடி வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

வையுங்கள். அவர் இருக்கும்போதே வையுங்கள். 1971-இல் களம் கண்டவர்கள் எல்லோரும் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இனியும் தள்ளிப்போட என்ன இருக்கிறது? முதலில் அவருடைய சம்மதத்தை மட்டும் கேட்டுவிடுங்கள்.

தெருவைப் பற்றிய அச்சத்தை என்னால் ஒதுக்கித்தள்ள முடியவில்லை. 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு கட்டபொம்மனின் படைத்தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியதை ஒட்டித் தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. முடிவில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. நம் பக்கத்து நாகை காயிதே மில்லத் மாவட்டம் வெறும் நாகப்பட்டினம் மாவட்டமானது. சண்டைக்கு அஞ்சி எல்லாப் பெயர்களையும் அழித்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். நீங்கள் கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். அதை முன்மொழிபவர் அவர் தெருவைச் சேர்ந்தவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள் என்பதே நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் சண்டையில் மடிந்த வீரர்களுக்கு நட்ட நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, மாடுகளுக்காக நடந்த எந்த ஆநிரைப் பூசல், யார் விழுந்தான் என்று வெட்டிவைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு கடந்தும் நாம் அவனை அறிவது அந்தச் சில வரிகளால்தான். திருச்சியில் மேஜர் சரவணனுக்கு நினைவிடம் இருக்கிறது. 1999-இல் கார்கில் போரின் தொடக்கத்திலேயே, படாலிக் பகுதியில் எதிரியின் பதுங்கு குழிகளை நோக்கி ஏறிச் சென்று உயிர்விட்டவர் அவர். உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அந்த வழியாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்கிறார்கள்?

வீர் சக்ரா பெற்றவர் என்ன செய்தார் என்ற விவரம் இந்திய அரசிதழில் வெளியாகும். அதைத் தேடி எடுத்து, நல்ல தமிழில் பெயர்த்து, வாசலில் கல்லில் வெட்டுங்கள். எந்தப் படைப்பிரிவு, எந்த இடம், எந்த நாள் என எதுவும் விடுபடக் கூடாது. உடன் நின்று மடிந்தவர்களின் பெயர்களை அவர் சொன்னால் அவற்றையும் சேருங்கள். திறந்து வைப்பவரின் பெயரையும் நிதி கொடுத்தவர்களின் பெயர்களையும் வேறொரு கல்லில், சிறிய எழுத்தில் பொறியுங்கள்.