கண்ணிவெடி அகற்றும் துறையில் வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்: சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மனிதாபிமான ஆயுதக் களைவு அமைப்புகளில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. வெடிக்குப் பக்கத்தில் போக வேண்டியிருக்குமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். அங்கே உண்மையில் என்ன வேலை?
— சட்டக் கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி

இன்டர்னை வெடி புதைந்த நிலத்துக்குள் யாரும் இறக்கமாட்டார்கள் என்பதை வீட்டில் முதலில் சொல்லிவிடுங்கள். அகற்றும் பணியாளருக்குத் தனிப் பயிற்சி, தேர்வு, காப்பீடு எல்லாம் உண்டு. இன்டர்னுக்குக் கிடைப்பது மேசை வேலை: கூட்டக் குறிப்பு எடுப்பது, நாடுகள் அனுப்பும் அறிக்கைகளைச் சரிபார்ப்பது, வரைபடத் தரவு, விழிப்புணர்வுப் படங்கள், மொழிபெயர்ப்பு.

இந்தத் துறை மூன்று ஒப்பந்தங்களைச் சுற்றி வளர்ந்தது: ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் 1997-ன் ஒட்டாவா ஒப்பந்தம், 2008-ன் கொத்துக்குண்டு ஒப்பந்தம், 2017-ன் அணு ஆயுதத் தடை ஒப்பந்தம். மூன்றிலும் இந்தியா இல்லை. ஆனால் குறிப்பிட்ட சில மரபுவழி ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் 1980-ன் உடன்படிக்கையில் இருக்கிறது. இந்திய மாணவரை நேர்காணலில் இதைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். 'எங்கள் நாடு தப்பு, நான் சரி' என்றும் பேச வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். இந்தியா சொல்லும் எல்லைப் பாதுகாப்புக் காரணத்தையும், அதற்கு எதிர்த்தரப்பு சொல்லும் பதிலையும் இரண்டு நிமிடத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் 2025-ல் ஒட்டாவா ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தன. அதையும் படித்துவிட்டுப் போங்கள்.

சட்டம் படிக்கும் உங்களுக்கு நல்ல தொடக்கம் ஒட்டாவா ஒப்பந்தத்தின் 7-வது பிரிவு. கையிருப்பு எவ்வளவு, எங்கெங்கே புதைந்திருக்கிறது, எவ்வளவு அழித்தாயிற்று என்று உறுப்பு நாடுகள் ஆண்டுதோறும் ஏப்ரல் 30-க்குள் சொல்ல வேண்டும். இலங்கை அல்லது கம்போடியாவின் அறிக்கைகள் இரண்டு ஆண்டுகளுக்கானவற்றை எடுங்கள். எண்கள் எங்கே மாறியிருக்கின்றன, ஏன் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். விண்ணப்பத்தோடு வைக்க இதைவிட நல்ல மாதிரி கிடையாது. 'உலக அமைதியில் எனக்கு ஆர்வம்' என்று தொடங்கும் கடிதங்கள் அங்கே மலை போலக் குவிகின்றன.

ஐ.நா. ஆயுதக் களைவு அலுவலகத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது? எவ்வளவு செலவாகும்?
— பி.ஏ. இறுதியாண்டு, ஓமலூர்

செலவை முதலில் சொல்லிவிடுகிறோம். பலர் தேர்வான பிறகுதான் கணக்குப் பார்த்துவிட்டு விலகுகிறார்கள். ஐ.நா. தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் இல்லை. பயணம், விசா, தங்குமிடம், மருத்துவக் காப்பீடு எல்லாம் உங்கள் பொறுப்பு. ஜெனீவாவில் சிக்கனமாக இருந்தாலும் மாதம் 1,500 முதல் 2,000 பிராங்க் ஆகும். ஒரு பிராங்க் நூறு ரூபாய்க்கு மேல். மூன்று மாதம் என்றால் விமான டிக்கெட்டோடு ஆறு லட்சத்தைத் தாண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக வீட்டு நகையை அடகு வைக்காதீர்கள் என்பதுதான் எங்கள் கருத்து. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழுவும் வேறு சில அமைப்புகளும் சம்பளம் தருகின்றன. அவற்றை முதலில் முயலுங்கள். சில மேலைநாட்டு அமைப்புகளின் இன்டர்ன்ஷிப்புக்கு அந்நாட்டு அரசே பணம் தரும். ஆனால் அது அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். அறிவிப்பில் தகுதிப் பத்தியைப் படிக்காமல் கடிதம் எழுதி நாளை வீணாக்க வேண்டாம்.

இளங்கலை இறுதியாண்டு மாணவர், முதுகலை அல்லது அதற்கு மேல் படிப்பவர், படிப்பு முடித்து ஓராண்டுக்குள் பயிற்சியைத் தொடங்கக்கூடியவர்: ஐ.நா.வில் தகுதி இவர்களுக்குத்தான். நம் பிள்ளைகள் கோட்டை விடுவது இந்த ஓராண்டில். அரியர் எழுதி, பட்டமளிப்பு விழா வரட்டும் என்று காத்திருந்து, பிறகு விண்ணப்பித்தால் காலம் ஓடியிருக்கும். இறுதியாண்டின் முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள்.

விண்ணப்பம் ஐ.நா.வின் 'இன்ஸ்பிரா' இணையதளம் வழியாக மட்டும். கணக்கு திறந்து, சுயவிவரத்தை முழுமையாக நிரப்பி, அந்த ஓர் இடத்துக்கென்றே கடிதம் எழுத வேண்டும். பயிற்சி இரண்டு முதல் ஆறு மாதம். தேர்வான பிறகு விசாவுக்கும் காகித வேலைக்கும் இரண்டு, மூன்று மாதம் போய்விடும். அதனால் கூட்டங்கள் நடக்கும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நியூயார்க்கில் ஆயுதக் களைவைப் பற்றிப் பேசும் ஐ.நா. பொதுச்சபையின் முதல் குழு அக்டோபரில் கூடுகிறது. அதற்கு ஏப்ரல், மே மாதங்களிலேயே அறிவிப்புகளைப் பார்க்கத் தொடங்க வேண்டும்.

இனிஷியல் விஷயத்தில் கவனம். மதிப்பெண் சான்றிதழில் 'எம். கவிதா' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத் தகப்பனார் பெயரைச் சேர்த்திருப்பார்கள், வங்கிக் கணக்கில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். விசா மேசையில் மூன்றும் மூன்று ஆள் போலத் தெரியும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா விண்ணப்பத்திலும் எழுதுங்கள். சான்றிதழிலுள்ள பெயரும் அதே ஆள்தான் என்று கல்லூரி முதல்வரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட்டே இல்லையென்றால் சேலம் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையத்தில் இந்த மாதமே பதிவு செய்யுங்கள்.

நான் நிலவியல் மாணவன். அப்பா வெள்ளைக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும் பிரிவில் இருந்தவர். இந்தப் பின்னணி உதவுமா?
— கருப்பூர்

உதவும், ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் அல்ல. சுரங்கத்துக்கும் கண்ணிவெடிக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. சுரங்கத்தில் வெடியை வைப்பவர் நாம். எங்கே, எவ்வளவு என்று நமக்குத் தெரியும். கண்ணிவெடி நிலத்தில் யார், எப்போது, எப்படிப் புதைத்தார் என்பதே தெரியாது. உங்களுக்குக் கைகொடுக்கப்போவது மண்ணைப் பற்றிய அறிவு.

மெட்டல் டிடெக்டர் மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பி, உலோகம் திருப்பித் தரும் சைகையைப் பிடிக்கிறது. மண்ணிலேயே இரும்புத் தாது நுண்துகளாகக் கலந்திருந்தால் மண்ணும் சைகை தரும். கஞ்சமலையின் மாக்னடைட் பாறைச் சரிவிலோ, சேர்வராயன் உச்சியில் பாக்சைட்டோடு கிடக்கும் செம்புரைக்கல் மண்ணிலோ கருவியை வைத்தால் என்ன பாடு படுத்தும் என்று நிலவியல் படிப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் புதைக்கப்பட்ட பி4 வகை வெடியில் உலோகம் மிகக் குறைவு. கருவியின் கூர்மையைக் குறைத்தால் வெடி தப்பிவிடும். கூட்டினால் மண்ணே கத்தும். அதனால்தான் ஒவ்வொரு நிலத்திலும் சோதனை இலக்கைக் குறித்த ஆழத்தில் புதைத்து, கருவி அதைப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே வேலையைத் தொடங்குகிறார்கள். யாழ்ப்பாணப் பக்கத்து மணல் நிலத்தில் நீண்ட காம்புள்ள ரேக்கால் மண்ணைச் சிறிது சிறிதாக வாரி எடுக்கும் முறையும் உண்டு. இறுகிய களிமண்ணில் அது நடக்காது.

இன்டர்னாக நீங்கள் உட்காரப்போவது வரைபட மேசையில். க்யூஜிஐஎஸ் இலவச வரைபட மென்பொருள், இன்றே இறக்கிக்கொள்ளுங்கள். வெடிநிலத்தை ஓர் ஆதாரப் புள்ளி, தொடக்கப் புள்ளி, திருப்பப் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் திசைக்கோணம், தூரம் என்று பதிவு செய்வார்கள். காம்பஸையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு கல்லூரி மைதானத்தில் ஐந்து மூலை கொண்ட ஒரு பரப்பை இப்படி அளந்து, வரைபடத்தில் ஏற்றிப் பாருங்கள். கடைசிக் கோடு முதல் புள்ளியில் வந்து மூடாமல் இரண்டு மீட்டர் தள்ளி நின்றால், எங்கே பிசகியது என்று தேடுங்கள். இன்னொரு பிழை, பழைய வரைபடத்தின் ஆயங்களை (இடத்தைக் குறிக்கும் எண்களை) அப்படியே ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 ஆய முறையில் போடுவது. இலங்கையில் அப்படிச் செய்தால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். வெடி இல்லாத வயலைச் சிவப்பில் காட்டி, வெடி இருக்கும் வயலில் ஒரு குடும்பத்தை நடவுக்கு இறக்கிவிடுவீர்கள்.

கம்போடியாவில் கண்ணிவெடி அகற்றும் இன்டர்ன்ஷிப், மாதம் 900 டாலர், முன்பணம் ரூ.1.8 லட்சம் என்கிறார் ஓர் ஏஜென்ட். மகனை அனுப்பலாமா?
— ஒரு தாய், ஆத்தூர்

வேண்டாம் அம்மா. ஐ.நா.வோ, இந்தத் துறையின் முறையான அமைப்புகளோ விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி என்று எந்தக் கட்டத்திலும் பணம் கேட்பதில்லை. கம்போடியா, மியான்மர் வேலை என்று அழைத்துப்போய் இணைய மோசடிக் கூடங்களில் நம் பிள்ளைகளை அடைத்து வைத்ததால் வெளியுறவுத் துறையே எச்சரிக்கை விட்டிருக்கிறது. சுற்றுலா விசாவில் போகச் சொன்னாலே அது பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் முகவரியின் கடைசிப் பகுதி அந்த அமைப்பின் சொந்த முகவரிதானா, அதே பணியிடம் அமைப்பின் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கொடுத்திருந்தால் ரசீது, வாட்ஸ்அப் பதிவுகளை அழிக்காமல் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

இலங்கை வடக்கில் இந்தப் பணி நடக்கிறதாமே. தமிழ் தெரிந்தால் முன்னுரிமை உண்டா?
— எம்.எஸ்.டபிள்யூ. மாணவி, எடப்பாடி

கிளிநொச்சி, முல்லைத்தீவு, முகமாலைப் பகுதிகளில் பிரிட்டிஷ் அமைப்புகளான ஹாலோ டிரஸ்ட், மேக், இலங்கை அமைப்பான டாஷ் முதலியவை பல ஆண்டுகளாக வேலை செய்கின்றன. அகற்றுபவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களே; பெண்களும் கணிசம். அவர்களுக்கே தமிழ் தாய்மொழி என்பதால் நம் தமிழுக்கென்று தனி முன்னுரிமை எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்கா 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை நிறுத்தியது இந்தத் துறையை உலகெங்கும் பாதித்தது. அந்த ஊர்க்காரர்களின் வேலையே நிதியை நம்பி நிற்கும்போது வெளியாருக்கு இடம் தேடுவது கடினம்.

தமிழ் பயன்படும் இடம் வெடி அபாயக் கல்வி. அங்கே ஆள்கொல்லி வெடியை 'மிதிவெடி' என்பார்கள்; நம் ஊர்ச் செய்தித்தாள் தமிழை அப்படியே கொண்டுபோனால் பள்ளிப் பிள்ளைக்கு அந்நியமாக இருக்கும். காலை இழந்தவரோடு பேசும் வேலைக்கு சமூகப்பணிப் படிப்பு நேரடியாக உதவும். செயற்கைக் கால் பொருத்தும் மையம் ஒன்றில் களப்பணி செய்து அதைக் காட்டுங்கள். சுற்றுலா அனுமதியில் போய்ப் பயிற்சி செய்ய முடியாது. அழைக்கும் அமைப்பே உரிய விசாவுக்கு ஏற்பாடு செய்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

வெளிநாடு போக வசதியில்லை. ஏற்காட்டில் இருந்தபடியே என்ன செய்யலாம்?
— காபித் தோட்டத் தொழிலாளியின் மகன்

நிறைய. ஜெனீவாவிலுள்ள மனிதாபிமானக் கண்ணிவெடி அகற்றல் மையமும் ஐ.நா. ஆயுதக் களைவு அலுவலகமும் இலவச இணையப் படிப்புகள் தருகின்றன. ஒன்றை முடித்துச் சான்றிதழ் வாங்குங்கள். இன்டர்ன்ஷிப் அறிவிப்புகளில் சில, வீட்டிலிருந்தே செய்யும் வகை. தேடும்போது அதையும் பாருங்கள். மழைக்காலத்தில் மலையில் மின்சாரமும் சிக்னலும் போய்விடும் என்பதால், இணைய நேர்காணல் வந்தால் அன்று கீழே சேலத்தில் நண்பர் வீட்டிலோ கல்லூரியிலோ உட்காருங்கள். ஜெனீவாவில் காலை 10 மணி என்றால் நமக்குக் கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் இது மாறும்.