ஏரி தெரிகிற வீடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. வாரத்தில் 2 நாள் அலுவலகம் போனால் போதும். பெங்களூர் வாடகையும் டேங்கர் தண்ணீரும் அலுத்துவிட்டன. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் ஏரியோ அணையோ பக்கத்தில் இருக்கிற ஒரு ஊரில் குடியேறலாம் என்று நானும் மனைவியும் நினைக்கிறோம். மகள் 2ஆம் வகுப்புப் படிக்கிறாள். மூட்டுவலிக்காரரான அம்மாவும் எங்களோடு வருவார். ஓசூர் அருகே ஏரியை ஒட்டி ஒரு மனை காட்டினார்கள். இப்போது ஏரி வறண்டு கிடக்கிறது, நிரம்பினால் வாசலிலிருந்தே தண்ணீர் தெரியும் என்கிறார்கள். முன்பணம் கொடுக்கலாமா? எந்த ஊர் எங்களுக்குச் சரிவரும்?

ர., பெங்களூர்

அன்புள்ள ர.,

முன்பணம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த மனை ஏரியின் உள்வாயில் இருக்கிறது, அல்லது அதன் விளிம்பில் இருக்கிறது. கரையில் மதகும் அதற்கு வெளியே கீழே வயலும் இருக்கும். கரைக்கு எதிரே, மழைநீர் வந்து சேர்கிற சரிவுதான் உள்வாய். நம் மாவட்டங்களில் பல ஏரிகள் தொடர்ந்து சில வருடம் நிரம்பாது. உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டும், ஆடு மேயும், அது ஏரி என்பதே மறந்துபோகும். அதன் ஓரத்துப் பட்டா நிலங்களில் கல் நட்டு மனை பிரிப்பது அப்போதுதான். 'நிரம்பினால் வாசலிலிருந்தே தெரியும்' என்கிற ஏரி, நன்றாக நிரம்பும் வருடம் வாசலைத் தாண்டியும் வரும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மழையில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி வெளியேறிய வெள்ளம், சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனதைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். வண்டிகள் நின்ற இடத்தில் தினமும் ஜனம் நடமாடும். தண்ணீர் தன் பழைய வழியில்தான் போனது.

அதனால் எந்த ஏரியைப் பார்த்தாலும் முதலில் கோடி, அதாவது நிரம்பிய ஏரியின் உபரிநீர் வெளியேறுகிற இடம், எங்கே என்று கேளுங்கள். கல் வைத்துக் கட்டிய அந்த இடத்தில் நின்று, ஏரி கோடி போனால் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று பாருங்கள். அந்த ஓடையிலேயே கால் கிலோமீட்டர் நடந்துபோங்கள். வழியில் ஓடை குறுகி ஒரு சிமெண்ட் குழாய்க்குள் நுழைந்தால், அதை அடுத்த தெருவில் வீடு வேண்டாம். அடுத்ததாகக் கிராம வரைபடத்தையும், எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும் வாங்கி, மனையின் புல எண்ணைச் சுற்றி 'ஏரி', 'ஓடை', 'வாய்க்கால்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதால் மட்டும் நிலம் மேடாகிவிடாது. பழைய ஊர் எங்கே இருக்கிறதோ அங்கே குடியிருக்கலாம். முன்னோர் மேட்டில் வீடு கட்டினார்கள், பள்ளத்தை நெல்லுக்கு விட்டார்கள்.

இனி தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. நந்தி மலைப் பக்கம் பிறக்கிற தென்பெண்ணை பெங்களூரின் கிழக்கு ஓரமாக இறங்கி ஓசூருக்கு வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவும் அதில்தான் சேர்கிறது. நல்ல மழை பெய்து கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தால் ஆற்றில் வெள்ளை நுரை மலைபோல் எழும்பி வயலுக்குள் பறக்கும். நீங்கள் விட்டு வர நினைக்கும் நகரத்தின் சாக்கடை உங்களுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்துவிட்டது. இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் அந்தத் தண்ணீரை நம்பித்தான் கீழே பயிர் வைக்கிறார்கள். கிருஷ்ணகிரி அணைக்கும் அதே ஆறுதான். வழியில் மற்ற ஓடைகளும் மார்க்கண்டேய நதியும் சேர்வதால் நிலைமை கொஞ்சம் தேவலை. ஆனாலும் வெயில் காலத்தில் அணை நீர் பச்சையாகத் திரண்டு நிற்கும்.

நிலத்தடி நீரில் இன்னொரு தொல்லை உண்டு, உங்கள் வீட்டுக்கு இதுதான் முக்கியம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பாறையிலிருந்தே கரைந்து வருவது அது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால், பல் உருவாகும் வயதில் இருக்கிற குழந்தைக்குப் பல்லில் திட்டும் பழுப்பு நிறமும் வரும். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தொடங்கி வைத்தார்கள். வாடகைக்கு வீடு பார்த்தாலும் 'ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை?' என்று வீட்டுக்காரரிடம் கேட்பதோடு விடாதீர்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடமும் கேளுங்கள். அவர் சொல்வதுதான் கணக்கு.

ஊர் எது என்று கேட்டீர்கள். பயணத்தை மட்டும் பார்த்தால் ஓசூர்தான். ரயில் உண்டு. 2025 ஆகஸ்டிலிருந்து பெங்களூரிலிருந்து ஓசூர் சாலையில் பொம்மசந்திரா வரை மெட்ரோவும் ஓடுகிறது, அது எலக்ட்ரானிக் சிட்டி வழியாகத்தான் போகிறது. ஆனால் ஓசூர் இப்போது மாநகராட்சி. பெங்களூரில் எதை விட்டு ஓட நினைக்கிறீர்களோ அதில் பாதி அங்கேயும் இருக்கிறது. தர்மபுரி எனக்குப் பிடித்த ஊர். நெடுஞ்சாலை ஓரத்தில் ராமக்காள் ஏரி நிரம்பி நிற்கும்போது பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் வாரம் 2 நாள் அலுவலகம் என்றால் தூரம் உங்களை வாட்டிவிடும்.

ஏரி என்று மட்டும் பார்த்தால் என் மனம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூருக்குத்தான் போகிறது. நெடுங்கல் தடுப்பணையிலிருந்து கால்வாய் வழியாகத் தென்பெண்ணை நீர் வருகிற பெரிய ஏரி. கீழே பாசனம் இருக்கிறது, மீன் வளர்ப்பும் இருக்கிறது. இப்படித் தண்ணீர் தேவைப்படுகிற ஆட்கள் சுற்றி இருந்தால்தான் ஏரி பிழைக்கும். மதகில் அடைப்பு வந்தால் அன்றைக்கே நாலு பேர் மண்வெட்டியோடு இறங்குவார்கள், வரத்துக் கால்வாயை யாராவது மறித்தால் தாலுகா அலுவலகம் வரை போவார்கள். நடைபயிற்சிக்கு மட்டும் பயன்படுகிற ஏரிக்கு அப்படி ஆள் கிடைப்பதில்லை. ஆயக்கட்டு வயல்கள், அதாவது ஏரி நீரில் பாய்கிற வயல்கள், மனையாகிவிட்ட ஏரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் பக்கத்தில் குடிபோக நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் பாரூரில் மகளின் பள்ளிக்கும் அம்மாவின் மருத்துவத்துக்கும் அலைய வேண்டியிருக்கும்.

எனவே உங்களுக்குக் கிருஷ்ணகிரி நகரம். ஒரு பக்கம் அணை, தர்மபுரி சாலையில் அவதானப்பட்டி ஏரி, இரண்டுக்கும் மாலையில் போய்த் திரும்பலாம். பள்ளிகள் உண்டு, அரசு மருத்துவக் கல்லூரி உண்டு, பெங்களூருக்கு இரவும் பகலும் பஸ் உண்டு. ரயில் கிடையாது. காரில் போனால் வழியில் சுங்கச்சாவடிகளும் அத்திப்பள்ளி நெரிசலும் உண்டு. இதைத் தாங்க முடியுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாங்க வேண்டாம், வாடகைக்கு வாருங்கள். ஒரு ஐப்பசி கார்த்திகை மழையையும் ஒரு சித்திரை வெயிலையும் இங்கே இருந்து பாருங்கள். வீடு முடிவானதும், முன்பணத்துக்கு முன்னால், அந்த வீட்டுப் போர்வெல் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து ஃப்ளோரைடு அளவு கேளுங்கள். சீட்டு வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.