சேலத்தில் வெள்ளிக் கடை வைத்திருக்கிறேன். கொலுசு, கல் நகைகளைப் படம் எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்?

கேமராவுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. எவ்வளவானாலும் இப்போதைக்குச் செலவழிக்காதீர்கள். படத்தில் கொலுசு திட்டுத்திட்டாகக் கறுத்துத் தெரிகிறது, அதனால்தானே கேட்கிறீர்கள்? வெள்ளிப் பட்டறைகள் இருக்கும் நம் செவ்வாய்ப்பேட்டையில் பலருக்கும் இதே புகார்தான்.

எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை. ஒருமுறை வெளியூர் வியாபாரி ஒருவர் மாடல்களைப் படமாக அனுப்பச் சொன்னார். ஸ்டூடியோக்காரர் ஒருவரைக் கூப்பிட்டோம். பெரிய கேமரா, பெரிய ஃபிளாஷ். வந்த படத்தில் புதுக் கொலுசு அடகுக்கடைச் சரக்கு மாதிரி கிடந்தது. போதாக்குறைக்கு, "வெள்ளி சுத்தமானதுதானே?" என்று ஸ்டூடியோக்காரர் கேட்டுவிட்டார். அப்பாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மெருகு போடும் பெரியவர்தான் படத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கறுப்பு கொலுசுல இல்லீங்க தம்பி, உங்க சட்டைல இருக்குது." ஸ்டூடியோக்காரர் கறுப்புச் சட்டையில் வந்திருந்தார்.

அதற்கப்புறம் பட்டறைப் படங்கள் எல்லாம் நான்தான். மெருகேறிய வெள்ளி எதிரில் இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கும். அதனால் ஒரு அட்டைப்பெட்டியின் பக்கங்களை வெட்டி ட்ரேசிங் பேப்பர் ஒட்டினேன். வெளியே இரண்டு எல்இடி விளக்கு, முன்னால் லென்ஸ் நுழைய ஓட்டை. இரண்டும் ஒரே வகை பல்பாக இருக்கட்டும், அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள். எல்லாமே வெள்ளையாக இருந்தாலும் கொலுசு தட்டையாகி, விளிம்பே தெரியாது. இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்குக் கறுப்பு அட்டை நிறுத்திப் பாருங்கள். போலரைசர் என்று லென்ஸ் முன்னால் மாட்டும் ஒரு ஃபில்டரை வாங்கச் சொல்வார்கள். கண்ணாடியில், தண்ணீரில் அது பளபளப்பைக் குறைக்கும், வெற்று உலோகத்தில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

ட்ரைபாட் (முக்காலி), ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 8 அல்லது 11, 2 நொடி டைமர் போதும். எஃப் 22க்குப் போனால் துளை ரொம்பச் சுருங்கி, படம் மழுங்கும். மிக அருகில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் நல்லதுதான், என்னிடமும் இருக்கிறது. 'அப்படியானால் கேமரா முக்கியமே இல்லையா' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வெளிச்சத்தைச் சரிசெய்த பிறகு வாங்குங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கல்லுக்குக் கணக்கு வேறு. வெளிச்சம் பட்டால் மேலே நட்சத்திரம் போலக் கோடுகள் தெரியும் நட்சத்திர மாணிக்கத்தை இந்தப் பெட்டியில் வைத்தால் நட்சத்திரமே காணாமல் போய்விடும். அதற்குத் திரை போடாத ஒற்றைச் சின்ன விளக்கு வேண்டும். ஏற்காட்டு அடிவாரப் பக்கம் கிடைக்கிற வெள்ளைக்கல்லை (மேக்னசைட்) படம் எடுத்தால் கேமரா தானாகவே அதைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு) ஏற்றுங்கள்.

இத்தனையும் செய்து படம் அனுப்பினால் "சூப்பர்" என்பார்கள், கூலி என்றதும் கிராமுக்குக் கிராம் பேரம் பேசுவார்கள். கம்பி இழுப்பவர், ஒட்டுபவர், சலங்கை வைப்பவர், மெருகு போடுபவர் என்று ஒரு ஜோடி எத்தனை கை மாறி வருகிறது! பெரிய கடையில் சேதாரம் என்று போட்டால் மட்டும் வாயே திறக்க மாட்டார்கள். அதைத் தனிக் கேள்வியாகப் போடுங்கள், விரிவாகத் திட்டுகிறேன்.