தராசு சொன்னதா, மனசு சொன்னதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாகக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வேலையாட்களிடம் கொடுத்த வெள்ளி எடை கொஞ்சம் குறைந்து வந்தாலும் ‘எவனோ எடுத்துட்டான்’ என்றுதான் முதலில் தோன்றுகிறது. “உங்க புத்தி அப்படி, அதான் எல்லாரும் அப்படித் தெரியறாங்க” என்கிறார் என் மனைவி. சரிதானா?

பதில்: பாதி சரி. கண்ணில் படாத இடத்தை மனம் காலியாக விடாது. தன்னிடம் இருக்கும் சரக்கைப் போட்டு நிரப்பிவிடும். 1977இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உளவியலாளர் லீ ராஸ் குழுவினர் மாணவர்களிடம், விளம்பரப் பலகையை மாட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வரச் சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதித்தவர்கள், பெரும்பாலோர் சம்மதிப்பார்கள் என்றார்கள். மறுத்தவர்களோ, பெரும்பாலோர் மறுப்பார்கள் என்றார்கள். இரு தரப்பும் அடுத்தவரை அளந்தது தன்னை வைத்துத்தான்.

ஆனால் சந்தேகப்படுகிறவரெல்லாம் திருட்டுப் புத்திக்காரர் அல்ல. ஏற்கெனவே சூடு பட்டவருக்கும், கடனில் கழுத்து நெரிபடுபவருக்கும் இதே எண்ணம்தான் முந்திக்கொண்டு வரும். இதை உங்கள் வீட்டம்மாவிடமும் சொல்லுங்கள்.

முதலில் தராசைச் சரிசெய்யுங்கள். பற்றவைத்த கையோடு எடை போட்டால் பற்றவைக்கப் பூசி ஒட்டியிருக்கும் வெண்காரமும் சேர்ந்து நிற்கும். அமிலத்தில் போட்டுக் கழுவியதும் அது போய்விடும். ஈரத்தோடு நிறுத்தாலும் கூடுதலாகக் காட்டும். அராவிய தூளும் மெருகில் போவதும் தனி. ஆகவே கொடுக்கும்போதும் வாங்கும்போதும் ஒரே தராசு. கழுவி, உலர்த்திய பிறகே எடை. பற்றவைக்கும் உலோகப் பொடியைத் தனியாக நிறுத்துக் கொடுங்கள், தூளை அன்றன்றே பெருக்கி எடையோடு குறியுங்கள். இவ்வளவுக்கும் பிறகு ஒரே ஆளின் கணக்கில் மட்டும் திரும்பத் திரும்பக் குறைந்தால், அது உங்கள் புத்தி அல்ல, நேரடியாகக் கேட்க வேண்டிய விஷயம்.

அடுத்து ஒரு நோட்டு. இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் நினைத்தது. பலரும் சறுக்குவது இடப்பக்கத்தில்தான். ‘திருட்டு முழி முழித்தான்’ என்று அங்கே எழுதுவார்கள். அது தீர்ப்பு. ‘நான் உள்ளே வந்ததும் டப்பாவை மூடினான்’ என்பதுதான் பார்த்தது. அதற்குத் திருட்டைத் தவிர வேறு இரண்டு காரணங்களாவது எழுதுங்கள்: ஃபேன் காற்றில் தூள் பறக்கும், வேலை முடிந்திருக்கலாம். வலப்பக்கத்தில் எழுதிய ஊகத்துக்குத் தேதி போட்டு, ஒரு மாதம் கழித்து எத்தனை பலித்தது என்று எண்ணுங்கள். கோபத்தில் இருக்கும்போது மட்டும் நோட்டைத் தொடாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வரும்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டம். எல்லாரும் எனக்கு நல்லவர்களாகவே தெரிகிறார்கள். பழத்தைக் கடனுக்குக் கொடுத்து ஏமாறுகிறேன். குணத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

பதில்: வேண்டாம், அது எளிதும் அல்ல. முதல் கேள்வியில் சொன்ன அதே நிரப்பல்தான் இதுவும், சரக்கு மட்டும் நல்ல சரக்கு. மாற்ற வேண்டியது விற்கும் முறையை. பழம் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை, சுற்றுச் சுற்றாகத்தானே பறிக்கிறீர்கள்? முதல் சுற்றுப் பணம் கைக்கு வந்த பிறகு இரண்டாம் சுற்றுப் பழம். சாக்கு எடைக் கழிவு, பச்சைக்காய்க் கழிவு, விலை மூன்றையும் எடை போட்ட இடத்திலேயே இரண்டு சீட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ‘சீட்டு கேட்டால் தப்பாக நினைப்பாரோ’ என்று தயங்குவீர்கள். அந்தப் பயமும் உங்களுடையதே. வியாபாரிக்குச் சீட்டு தினப்படி சமாச்சாரம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒருவர் வாயைத் திறந்தாலே பிறரைப் பற்றிக் குறைதான். குறை அவரிடமா, மற்றவர்களிடமா? (அஸ்தம்பட்டி வாசகி)

பதில்: குறைகள் ஆளுக்கு ஆள் மாறுகின்றனவா என்று கவனியுங்கள். ஒருவர் தாமதம், இன்னொருவர் கணக்கில் கவனக்குறைவு என்று வகை வகையாகச் சொன்னால் அவர் உண்மையிலேயே கவனிக்கிறார், கேட்டுக்கொள்ளலாம். பத்துப் பேரைப் பற்றியும் ‘சுயநலம்’ என்ற ஒரே குறை வந்தால், அந்தப் பத்துப் பேரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. அவரைப் பற்றி வேண்டுமானால் கொஞ்சம் தெரியும்.