வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்ணுக்கு இலவச சட்ட உதவி நிஜமாகவே கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் நாம்தான் போய்க் கேட்க வேண்டும். உங்கள் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள், கணவர் செலவுக்குப் பணம் தருவதில்லை, தையலில் வரும் காசில் வக்கீல் ஃபீஸ் கட்ட முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். என் சித்தி மகள் நிலைமையும் ஏறக்குறைய இதேதான். அவளோடு கோர்ட்டுக்கு அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இந்த உதவியைத் தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும், தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழு. எங்கே போவதென்று குழப்பமாக இருந்தால் 15100க்குப் போன் பண்ணுங்கள்.

நாங்கள் போனபோது மேஜையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "வருமானச் சான்று எங்கே?" என்றார். சரி, தாசில்தார் ஆபீஸுக்குப் போவோம் என்று கிளம்பிவிட்டோம். வராந்தாவில் நின்ற சட்டத் தன்னார்வலர் அம்மா ஒருவர்தான், "பொம்பளைங்களுக்கு எதுக்குங்க அது?" என்று திரும்ப உள்ளே கூட்டிப்போனார். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மற்ற ஏழைகளுக்குத்தான் வரம்பு.

ஒதுக்கப்படும் வக்கீலுக்கு ஆணைக்குழுவே ஃபீஸ் தரும். கோர்ட் கட்டணம், டைப்பிங் செலவும் அவர்களுடையதே. "டைப் அடிக்க ஐந்நூறு குடுங்க" என்று கேட்டால் கொடுக்காதீர்கள், அவர் வாங்கக் கூடாது. இலவச வக்கீல் ஏனோதானோவென்று நடத்துவார் என்பார்கள். முழுக்கப் பொய்யென்று சொல்லமாட்டேன். அவர்களுக்குக் கிடைக்கும் ஃபீஸ் குறைவு. எங்களுக்கு வந்தவர் நன்றாகவே வாதாடினார், ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் நாள் நாங்கள்தான் போன் போட்டு நினைவுபடுத்தினோம். சரிப்பட்டு வரவில்லையென்றால் வக்கீலை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம்.

ஜீவனாம்ச மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள்.

நடுவில் மக்கள் நீதிமன்றத்துக்கு, அதாவது இரு தரப்பையும் பேசிச் சமரசம் செய்துவைக்கும் இடத்துக்கு, அனுப்புவார்கள். "ஒரு தொகையை வாங்கிக்கிட்டு முடிச்சுக்கம்மா" என்று நாலு பேர் சொல்லும்போது அக்கா உடனே கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். அங்கே சம்மதித்து முடித்தால் மேல்முறையீடு கிடையாது. சம்மதமில்லையென்றால் வழக்கு பழையபடி கோர்ட்டுக்கே திரும்பிவிடும், நஷ்டம் ஒன்றுமில்லை.

அப்புறம், உத்தரவு வாங்கிய பிறகும் சிலர் பணம் கட்டமாட்டார்கள். சித்தி மகளின் வீட்டுக்காரரும் அப்படித்தான். அதற்கு வசூல் மனு போட வேண்டும், அதற்கும் இலவச வக்கீல் உண்டு. ஒவ்வொரு மாதப் பாக்கியையும் அது சேர வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்டாக வேண்டும். அதனால் எந்த மாதம் வந்தது, எது வரவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.